புள்ளிக்கோடு

பேராசிரியைக்கு மாணவர்கள் வைத்திருந்த பெயர் ‘முக்கோணம்’. மானிடவியல் முதலாண்டு வகுப்பில் உறவுமுறைப் பாடம் வந்துவிட்டால் கரும்பலகை முழுக்க முக்கோணமும் வட்டமுமாகப் போட்டுத் தள்ளிவிடுவார். முக்கோணம் ஆண், வட்டம் பெண், நடுவில் சமக்குறி போட்டால் கல்யாணம், மேலே சாய்கோடு கிழித்தால் ஆள் போய்ச் சேர்ந்தாயிற்று. இப்படி ஒரு பெயர் இருப்பதே தெரியாத மாதிரி அவரும் பல வருஷமாக நடித்துவந்தார். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான். பட்டப்பெயர் வைக்கும் அளவுக்குக்கூட யாரும் கண்டுகொள்ளாத ஆசிரியர்கள் அந்தக் கட்டடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள்.

அதைவிடப் பெரிய பெருமை அவர் எழுதிய பாடப் புத்தகம். இருபது வருஷத்தில் ஐந்து பதிப்பு. மற்ற புத்தகங்களில் ஆய்வு அறம் என்பது கடைசி அத்தியாயமாகக் கிடக்கும். பரீட்சைக்கு முந்தின நாள் ஆசிரியர் வந்து பத்து நிமிஷத்தில் ஒப்பித்துவிட்டுப் போவார். இவர் அதை இரண்டாவது அத்தியாயமாக வைத்தார். ஒருத்தர் வீட்டுக்குள் போகிறதுக்கு முன்னால் கதவைத் தட்டக் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று, கேட்டவர்களிடமெல்லாம் கேட்பார்.

அந்த அத்தியாயத்தில் அவர் சொந்த அனுபவம் ஒன்று இருந்தது. இளம்வயதில் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒன்றரை வருஷம் கள ஆய்வு செய்தது, அங்கே வேலை செய்த ஒரு பெண் தன் குடும்ப ரகசியத்தை நம்பிச் சொன்னது, அதை எப்படிக் கவனமாக எழுதினார் என்பதெல்லாம் இரண்டு பக்கத்துக்கு வரும். முடிவில் ஒரு வாக்கியம்: ‘பெயர்களும் இடமும் மாற்றப்பட்டதால், இன்றுவரை அக்குடும்பத்தில் எவருக்கும் எத்தீங்கும் நேரவில்லை.’ ஐந்து பதிப்பிலும் ஒரு எழுத்து மாறாமல் வந்த வாக்கியம் அது. பரீட்சைக்கும் வரும். ‘ஆசிரியர் எடுத்த முன்னெச்சரிக்கைகள் மூன்றினைக் கூறுக.’ பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு எழுதி மூன்று மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு போவார்கள்.

ஆறாம் பதிப்புக்குப் பதிப்பகத்தில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். எதையும் சும்மா விடாத ரகம். காற்புள்ளி ஒன்று இடம் மாறியிருந்தால்கூடக் கூண்டில் ஏற்றி விசாரிப்பாள். அந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் ஓரத்தில் எழுதி அனுப்பியிருந்தாள்: ‘இன்றுவரை என்று எப்படித் தெரியும்? அவர்களைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?’

பேராசிரியைக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நேற்று முளைத்தவள் என்னைக் கேட்கிறாளா என்று மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நாலு வரியில் காட்டமாகப் பதில் எழுதப் பேனாவையும் எடுத்தார். கடைசியாக எப்போது பார்த்தோம் என்று கணக்குப் போட்டபோதுதான் கை நின்றது. முதல் பதிப்பு வந்ததும் நேரில் போய் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தார். அதற்கப்புறம் போகவே இல்லை. இருபது வருஷம். நாளைக்கு, அடுத்த மாதம், அடுத்த விடுமுறை என்று தள்ளிப்போட்டதில் இருபது வருஷம் ஓடிவிட்டிருந்தது.

சரி, போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால் போகிறது என்று மறுநாளே கிளம்பிவிட்டார். பஸ்ஸில் உட்கார்ந்தபடியே புது வாக்கியத்தை மனதுக்குள் எழுதியும் வைத்துக்கொண்டார். ‘இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆசிரியர் மீண்டும் சந்தித்தபோது, அக்குடும்பம் நலமாக இருந்தது.’ நலமா என்று இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் பதில் தயார்.

அக்கா அதே வீட்டில்தான் இருந்தாள். சலவைக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா, இவருக்கும் அக்கா. அங்கே அக்காவுக்குத் துணி மடிக்கிற வேலை. உருளை இஸ்திரியிலிருந்து சூடாக வரும் படுக்கை விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துக்கொள்ள வேண்டும். உதறி, நேராக்கி, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்துவந்து முனையோடு முனை சேர்த்துவிட்டு விலக வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. அப்போது இருபத்தாறு வயசு ஆய்வாளராக இருந்த பேராசிரியை எதிர்முனையைப் பிடித்துக்கொள்வார். இயந்திரச் சத்தத்தில் பக்கத்தில் வரும்போது மட்டும்தான் பேச முடியும் என்பதால், ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம், அதிகம் போனால் இரண்டு. அக்கா தன் வாழ்க்கையை அப்படித்தான் அவரிடம் சொன்னாள். தன் மகள் தான் பெற்ற மகள் அல்ல என்பதையும் அப்படித்தான் சொன்னாள்.

அக்காவின் கடைசித் தங்கைக்குக் கல்யாணத்துக்கு முன்னால் பிறந்த குழந்தை அது. குழந்தையில்லாத அக்காவும் அவள் புருஷனும் வாரி எடுத்துக்கொண்டார்கள். தங்கைக்கு அப்புறம் வேறு இடத்தில் கல்யாணமாகி மூன்று பிள்ளைகள். அவள் புருஷனுக்கு எதுவும் தெரியாது. பெண்ணுக்கும் தெரியாது; பெற்றவளைச் சித்தி என்று கூப்பிட்டு வளர்ந்தாள். இவ்வளவும் சொல்லிவிட்டு அக்கா கேட்டது ஒன்றுதான். எழுதினால் தன் பெயர் வராதுதானே என்று கேட்டாள். வராது என்று இவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். ஒப்புதல் படிவத்தை வரி வரியாக வாசித்துக் காட்டினார். அக்கா ஈரக்கையைத் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். பெயர் வரவே இல்லை. சொன்ன வாக்கு எழுத்துக்கு எழுத்து காப்பாற்றப்பட்டது.

கதவைத் திறந்த அக்காவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. “வா” என்றாள். அந்த ஒரு சொல்லில் இருபது வருஷத்துக்கு முந்தின உபசாரம் எதுவும் இல்லை. அறையில் கட்டில், சின்ன மேஜை, இரண்டு நாற்காலி, சுவரோரம் அடுக்கிய துணிகள். வேலையை விட்டு எத்தனையோ வருஷம் ஆகியும் அடுக்கின் ஓரம் கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருந்தது. சுவரில் அவள் புருஷனின் படம் மாட்டியிருந்தது. போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறதாம். பேராசிரியையின் மனசு சட்டென்று ஒரு முக்கோணத்தின் மேல் சாய்கோடு போட்டது. போட்டதும் அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

தேநீர் வந்தது. ஆஸ்பத்திரி, முட்டிவலி, மாடிப்படி என்று சுற்றிச் சுற்றி வந்துவிட்டுக் கடைசியில் பேராசிரியை, பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். ஆறு வயசில் அந்தப் பெண் இவர் மடியில் உட்கார்ந்து நோட்டில் கிறுக்கும். எப்போது பார்த்தாலும் நோட்டும் கையுமாக இருப்பதால் இவருக்கு ‘நோட்டு சித்தி’ என்று பெயர் வைத்ததும் அதுதான்.

அக்கா எழுந்து உள்ளே போனாள். வரும்போது கையில் புத்தகம். முதல் பதிப்பு, முதல் பக்கத்தில் இவருடைய கையெழுத்து: ‘துணி மடிக்கும் அக்காவுக்கு. இந்தப் புத்தகம் உங்கள் வீட்டில் பிறந்தது.’ எழுதியபோது கண் கலங்கியது நினைவிருக்கிறது. ஊர், பெயர், ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மறைத்துவிட்டு, அதே கையால் இதையும் எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது இருபது வருஷம் கழித்து இப்போதுதான் உறைத்தது.

புத்தகம் தானாகவே ஒரு பக்கத்தில் திறந்துகொண்டது. ஐந்தாம் அத்தியாயம், உறவுமுறை வரைபடம். அக்காவின் குடும்பம். பெயர்கள் இல்லை. ஆனால் படத்தில் எதுவும் மாறவில்லை. இரட்டைப் பிள்ளைகள், அதில் ஒன்றின் மேல் சாய்கோடு. அண்ணன் தம்பி இருவரைக் கட்டிக்கொண்ட இரண்டு சகோதரிகள். இரண்டு கல்யாணம் செய்த மூத்த அண்ணன். கீழே ஒரு சின்ன வட்டம். கடைசித் தங்கையிடமிருந்து அதற்கு ஒரு நேர்கோடு, அக்காவிடமிருந்து ஒரு புள்ளிக்கோடு. பெற்றால் நேர்கோடு, வளர்த்தால் புள்ளிக்கோடு. அது அந்தத் துறையின் வழக்கம். பெயரை மாற்ற வேண்டும் என்று தோன்றிய மூளைக்குப் படத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றவே இல்லை. வட்டத்திலும் முக்கோணத்திலும் யார் முகம் தெரியப்போகிறது என்று இருந்துவிட்டார்.

அந்தப் பக்கத்தில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. அக்கா அதைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள்.

அந்தப் பெண் கல்லூரியில் சேர்ந்து மானிடவியலை ஒரு பாடமாக எடுத்தாளாம். அதை எடுத்ததே இந்தப் புத்தகத்துக்காகத்தான். இதை எழுதினவங்க எங்க வீட்டுக்கு வந்தவங்க, நான் அவங்க மடியில உட்கார்ந்திருக்கேன் என்று வகுப்பு முழுக்கப் பீற்றிக்கொண்டாளாம். ஐந்தாம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு பயிற்சி உண்டு. ‘உங்கள் குடும்பத்தின் வரைபடத்தை வரைந்து, நூலில் உள்ள படத்துடன் ஒப்பிடுக.’ நல்ல பிள்ளையாகப் புத்தகத்தைப் பார்க்காமலே முதலில் தன் வீட்டுப் படத்தை வரைந்து கொடுத்துவிட்டாள். மேஜைமேல் இருந்தது அந்தத் தாள்தான். பதினேழு பேர். எல்லோரும் புத்தகத்தில் இருக்கிற இடத்திலேயே இருந்தார்கள். அக்காவிலிருந்து சின்ன வட்டத்துக்கு மட்டும் நேர்கோடு. தங்கையிடமிருந்து கோடே இல்லை.

கல்லூரி ஆசிரியர் அந்த நேர்கோட்டைச் சிவப்பு மையால் சுழித்து, பக்கத்தில் புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருந்தார். கீழே எழுதியிருந்தார்: ‘சொந்தக் குடும்பத்தை வரையச் சொன்னால் புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறாய். அதிலும் பிழை.’

பேராசிரியை அந்தச் சிவப்பு எழுத்தை மறுபடி மறுபடி வாசித்தார். பயிற்சி அவர் எழுதியது. படம் அவர் போட்டது. திருத்தின ஆசிரியர் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னார்.

“வீட்டுக்கு வந்து ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா” என்றாள் அக்கா. “இந்தச் சின்ன வட்டத்துல விரலை வச்சு, இது நான்தானேன்னு கேட்டா. நான் பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரல.”

அதற்கப்புறம் நடந்ததை அக்கா கையைக் காலை ஆட்டாமல், குரல் ஏறாமல் சொன்னாள். பெண் நேராகச் சித்தி வீட்டுக்குப் போய்க் கேட்டாள். கேட்கும்போது சித்தியின் புருஷன் வீட்டில் இருந்தார். அந்த வீடு அன்றைக்கு உடைந்தது. முழுசாகப் பிரியவில்லை, ஆனால் ஒட்டவும் இல்லை. தங்கை அக்காவோடு பேசி இந்த வருஷத்தோடு பதினேழு வருஷம். பெண் விடுதிக்குப் போய்ப் படிப்பை முடித்து, தூரத்து ஊரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விட்டாள். அப்பா சாவுக்கு வந்தாள், மூன்று நாள் இருந்தாள். மாதத்துக்கு ஒருமுறை ஃபோன் பண்ணுவாள்.

“அம்மான்னு கூப்பிடுறதில்ல. பெரியம்மான்னும் கூப்பிடுறதில்ல. ஹலோன்னு ஆரம்பிச்சு சரின்னு முடிச்சிடுவா. எந்த முறையும் வைக்காம எப்படித்தான் பேசுறாளோ, எனக்குத் தெரியல.”

யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைப் பற்றி முப்பது பக்கம் எழுதியவர் பேராசிரியை. அதில் ஒரு வரிகூட இப்போது உதவவில்லை.

“என்கிட்ட ஏன் அக்கா சொல்லல? என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சே.”

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். “சொன்னா அதையும் எழுதிடுவியோன்னு பயமா இருந்துச்சு.”

பேராசிரியைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டார். கேட்கும்போதே அது எவ்வளவு சின்னச் சொல் என்று தெரிந்தது. அக்கா அதைத் தள்ளவும் இல்லை, ஏற்கவும் இல்லை. கையெழுத்துப் போட்டது நான்தானே, என் மேலயும் தப்பு இருக்கு என்று மட்டும் சொன்னாள். அதுதான் இன்னும் சுட்டது. படத்தில் பதினேழு பேர் இருந்தார்கள்; படிவத்தில் இருந்தது ஒரு கையெழுத்து. தங்கையிடம் யாரும் கேட்கவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த ஆறு வயசுப் பெண்ணிடமும் கேட்கவில்லை. அவள் கையில் விளையாட ஒரு பென்சிலைக் கொடுத்துவிட்டு அவளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தார்.

“அவளுக்கு ரெண்டு சித்தி” என்றாள் அக்கா. “ஒருத்தி பெத்துட்டுப் போனா. இன்னொருத்தி எழுதிட்டுப் போனா.”

புதுப் பதிப்பில் அந்தப் படத்தை எடுத்துவிடுவதாகப் பேராசிரியை சொன்னார். பழைய புத்தகங்களை என்ன செய்வாய் என்று அக்கா கேட்டாள். அவை நூலகங்களிலும் வீடுகளிலும் நகல் கடைகளிலுமாக எங்கெங்கோ பரவிக் கிடக்கின்றன, ஒன்றும் செய்ய முடியாது என்று உண்மையைச் சொன்னார். பிறகு தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டார். நடந்த தவறை அப்படியே எழுதலாமா? தன் பெயரைப் போட்டு, தான் செய்தது தவறு என்று சொல்லி? படிக்கிற பிள்ளைகள் இனி இப்படிச் செய்யாமல் இருப்பார்களே. கேட்ட அந்தக் கணத்தில் அவர் மனசார நம்பித்தான் கேட்டார். ஆனால் மனசின் ஒரு மூலையில் அந்தப் பக்கம் எவ்வளவு நன்றாக வரும் என்றும் தெரிந்தே இருந்தது. பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விடுவதில்லை.

“வேணாம்” என்றாள் அக்கா. “ஒரு தடவை பாடமா இருந்தது போதும் அவ.”

அக்கா புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, புள்ளிக்கோட்டின் மேல் விரலை ஓட்டினாள். சலவைக்கூடத்துச் சூட்டு விரிப்புகளில் தடித்துப்போன விரல்.

“இது என்ன கணக்கு? காய்ச்சல்ல ராத்திரியெல்லாம் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தது நான். பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விட்டது நான். அவளுக்குக் கோடு, எனக்குப் புள்ளியா?”

துறையின் வழக்கம் என்று சொல்ல வந்த பேராசிரியை புத்தகத்தை மூடிவைத்தார்.

அக்கா உள்ளேயிருந்து ஒரு வெள்ளைத் தாள் எடுத்துவந்து அவர் முன்னால் போட்டாள். “சரியா போட்டுக் கொடு” என்றாள். பேராசிரியை பையிலிருந்து பேனாவை எடுத்தார். ஆயிரம் தடவை கரும்பலகையில் போட்ட படம்தான். அக்காவின் வட்டத்திலிருந்து சின்ன வட்டத்துக்கு ஒரு நேர்கோட்டை, எங்கேயும் விடாமல், அழுத்தி இழுத்தார். அக்கா தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு முனையோடு முனை சேர்த்து மடித்து, அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.

“இதை எடுத்துட்டுப் போ. நீ கையால போட்டதை அவ நம்ப மாட்டா. அவ புஸ்தகத்தைத்தான் நம்புவா.”

ஆறாம் பதிப்பு அடுத்த வருஷம் வெளிவந்தது. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த வாக்கியம் இல்லை, சலவைக்கூடமே இல்லை. உயிர்நாடியையே எடுத்துவிட்டீர்களே என்று பதிப்பகத்துப் பெண் ஃபோனில் மன்றாடினாள். அந்தக் கேள்வியைக் கேட்காமலே இருந்திருக்கலாம் என்றுகூடச் சொன்னாள். கேட்டதுதான் சரி என்றார் பேராசிரியை. ஏன் என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை, அதனால் சொல்லவில்லை. படத்தில் இருக்கும் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேளுங்கள் என்று ஒரு வரி மட்டும் புதிதாகச் சேர்த்தார். இது நடக்கிற காரியமா என்று வகுப்பில் பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஐந்தாம் அத்தியாயத்தில் யாரோ ஒரு கற்பனைக் குடும்பம் வந்தது. ஆனால் புத்தகம் முழுக்க, வளர்த்தவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் ஒரே நேர்கோடு. பல கல்லூரிகளிலிருந்து ஆசிரியர்கள் அக்கறையாகக் கடிதம் எழுதினார்கள். அச்சுப் பிழை நேர்ந்திருக்கிறது, புள்ளிக்கோடு வரவேண்டிய இடத்தில் நேர்கோடு வந்துவிட்டது, அடுத்த பதிப்பில் திருத்திக்கொள்ளவும். சிலர் கிண்டலாகவும் எழுதினார்கள், முக்கோணத்துக்கு வயசாகிவிட்டது என்று. ஒவ்வொருவருக்கும் நன்றி என்று பதில் போட்டார். திருத்தவில்லை.

அக்காவுக்கு ஒரு பிரதி அனுப்பினார், இந்த முறை முதல் பக்கத்தில் எதுவும் எழுதாமல். பதில் வரவில்லை. வரும் என்று அவர் எதிர்பார்க்கவும் இல்லை. அந்தப் பெண் என்றைக்காவது ஒரு புத்தகக் கடையில் அதைக் கையில் எடுத்து, ஐந்தாம் அத்தியாயத்தைத் திறந்து பார்க்க மாட்டாளா என்று மட்டும் ஆசையாக இருந்தது. ஆசைப்படும்போதே அவருக்குத் தெரியும், முதலாண்டுப் பாடப் புத்தகத்தை யாரும் இரண்டாவது தடவை வாங்குவதில்லை.